நாகர்கோவில் வண்டி

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

பணிமனை உணவகத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே கிளை மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியும். பெண் நடத்துநர்களுக்கு இனி இரவுப் பணியும் கொடுக்கலாம் என்கிறது புதிய சட்டம். ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் போகத்தான் அந்த அதிகாரி வந்திருந்தார்.

ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தொழிற்சங்கச் செயலாளர்தான் சொல்வார். அந்தச் சங்கத்தில் அதுதான் வழக்கம். ஆயிரம் சண்டை இருந்தாலும் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகத்தின் முன்னால் ஒரே வாய்தான்.

அந்த வாய் அவன்.

அவள் நடத்துநர். அவன் மனைவி.

அறிக்கை அவன் சட்டைப் பையில் இருந்தது. இரவுப் பணி வேண்டாம் என்பதே பெண் ஊழியர்களின் ஒருமித்த கருத்து என்று தொடங்கும். வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினான். பக்கத்தில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று போடட்டுமா என்று அவனைக் கேட்டாள்.

அவன்தான் அவளை எதுவும் கேட்கவில்லை.

செயற்குழுவிலும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேருக்கும் பெண்கள்மேல் அவ்வளவு அக்கறை.

"ராத்திரி நாகர்கோவில் வண்டிக்கு நான் போறேங்க," என்றாள் அவள். "வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து டவுன் பஸ்ஸுலயே நசுங்கிட்டு இருக்கேன். சீனியாரிட்டிப்படி பார்த்தா அந்த வண்டி எனக்குத்தான் வரணும். அங்க தங்கற எடத்துல எங்களுக்குன்னு ஒரு ரூமு, உள்பக்கம் தாழ்ப்பாள் வச்ச ஒரு பாத்ரூமு குடுங்க, போதும். மத்ததை நான் சமாளிச்சுக்குவேன்."

குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே கடைசிவரை சொல்லி முடித்தாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் மாதப்பன் அவன் தோளைத் தட்டினார்.

"உங்க வீட்டம்மாவ உக்காரச் சொல்லுங்க, செக்ரட்டரி."

அவன் திரும்பவில்லை.

முதலில் காது சூடானது உண்மைதான். சங்கத்தின் மானம், செயற்குழு, நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள், எல்லாம் ஒரு சுற்று வந்து போனது.

பிறகு அவளைப் பார்த்தான்.

தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

மேடை மேடையாகப் பேசியவன் அவன். பஞ்சப்படிக்குப் பேசியிருக்கிறான், போனஸுக்குப் பேசியிருக்கிறான். தனக்கு ஒன்று வேண்டும் என்று இப்படி எழுந்து நின்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெருமையாக இருந்தது. அடக்க முடியாத பெருமை. இவள் என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அங்கே எல்லோருக்கும் அது தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதிகாரி குறித்துக்கொண்டார். ரூம், தாழ்ப்பாள், சீனியாரிட்டி. பிறகு கனிவாகத்தான் கேட்டார்.

"சரிம்மா. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கும்ல? ராத்திரி நீங்க போயிட்டா அவங்களை யாரு பார்த்துக்குவா?"

சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். கிளை மேலாளரும் ஆட்டினார். அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் உடன்பாடு.

அறிக்கையின் மூன்றாவது பத்தியும் அதைத்தான் கேட்டிருந்தது. எழுதியவன் அவன்.

அவள் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்தபடியே அவன், நான் என்று கையைத் தூக்கினான்.