இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று

மோட்டார் காயில் கட்டும் கடையில் காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. செம்புக் கம்பி இடது விரலிடுக்கில் ஓட, காயில்காரர் வலது கையால் கைப்பிடியைச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் உதடு அசைகிறது. முன்பெல்லாம் வாய் அதுபாட்டுக்கு வம்பளக்கும், எண்ணிக்கை உள்ளே தானாக ஓடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆறு மாதமாக ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொள்கிறார். கட்டி அடங்கியிருக்கிறது. சிலருக்கு ஞாபகம் மந்தமாகலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தும் உடம்பு திடீரென்று கொதித்து, கழுத்தில் வேர்வை வழிகிறது. எதிரே மனைவி கருகிப்போன பழைய காயிலை வெட்டி உருவிக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்.

"நம்ம மோட்டார் ரெடியா?"

"சாயங்காலம் வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. வந்தவர் போய்விடுகிறார். கைப்பிடி நின்றுவிட்டது. அவர் கம்பியையே பார்க்கிறார். மினுங்கும் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, எத்தனை ஆயிற்று என்று வாயே திறக்காமல் கிடக்கின்றன. காலையிலிருந்து இரண்டு தடவை பிரித்துக் கட்டியாயிற்று. இதற்குப்போய்க் கண் கலங்குகிறதே என்று எரிச்சலாக வருகிறது. வேர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கம்பியின் நுனியைத் தேடுகிறார்.

"பிரிக்காதீங்க. இருநூத்திப் பன்னெண்டு," என்கிறாள் மனைவி, நிமிராமல்.

"நீ எப்பலேர்ந்து எண்ணுற?"

"முதல் ஊசி போட்டதுலேர்ந்து."

கைப்பிடி மெல்லச் சுற்றுகிறது. "இருநூத்திப் பதிமூணு," என்று அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். அவர் உதடு அசையவில்லை.