இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்தவும்

அவள் மேசை விளக்கு இன்றைக்கும் சிவப்பாக எரிந்தது.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில்கூட அதே மெஷின்தான். ரிப்பேர் என்று போன் செய்து தமிழுக்கு ஒன்றை அழுத்தினால், வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது எடுப்பார்கள். இங்கிலீஷுக்கு இரண்டு. அதை அழுத்துகிறவர்கள் குறைவு என்பதால் அவள் ஒருத்திதான். ஆபீஸில் அவளுக்குப் பேரே ‘ரெண்டாம் நம்பர்’.

பேச்சு நீண்டுபோனால் மேசை மேல் விளக்கு எரியும். சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள்ளிருந்தே பார்த்துவிடுவார்.

கூப்பிட்டார்.

“என்னம்மா, மத்தியானமானா உன் விளக்கு மட்டும் சிவப்பு! அப்படி எந்த மெஷின் தினம் தினம் கெட்டுப் போகுது?”

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு.”

“பின்னே?”

“ஒரு வீட்டு அம்மா சார். மெஷின் மேல ‘சந்தேகம் எதுவானாலும் கூப்பிடுங்க’ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம்ல? அவங்களுக்கு இங்கிலீஷ்ல சந்தேகம்.”

கதவோரத்து மேசைக்காரி களுக்கென்று சிரித்தாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

“இது ஆபீஸா, டியூஷன் சென்டரா?”

“பாவம் சார். வீட்டுல மருமக, பேரப்பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ்லயே பேசிக்கிறாங்களாம். நடுவுல இவங்க பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்காங்க. பையன்கிட்ட அர்த்தம் கேட்டா, ‘இந்த வயசுல உனக்கெதுக்கு’ன்னு எரிஞ்சு விழறாராம்.”

“சரியாத்தானே சொல்லியிருக்கான்! அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வேலையத்தவங்களுக்குப் பொழுது போகலைன்னா நம்ம தலைதான் கிடைச்சுதா?”

“நான் எங்கே உட்கார்ந்து பேசறேன்னுகூட அவங்களுக்குத் தெரியாது சார். எடுத்ததும் ‘டீச்சர்’ங்கறாங்க. எப்படி சார் வைக்கிறது?”

“இங்கே பாரு. இந்த மாசத்தோட உன் வேலை நிரந்தரம் ஆகணும். அதுக்கு நான்தான் நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்லணும். தினம் இப்படி விளக்கு எரிஞ்சா நான் எந்த வாயால சொல்றது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“நாளைக்கு நானே வரேன். நானே கேட்டு, நானே கட் பண்றேன். உனக்கு இளகின மனசு. உன்னால முடியாது.”

மறுநாள் சொன்னபடியே வந்து நின்றார். இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரலை பட்டன் மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

போன் வந்தது.

“குட் ஆஃப்டர்நூன், டீச்சர்.”

“குட் ஆஃப்டர்நூன்மா. டேக் யுவர் டைம்.”

அவசரமில்லை, நிதானமாகப் பேசுங்கள் என்று அர்த்தம். அந்த ஆபீஸில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாத வார்த்தை. ரெண்டாம் நம்பர் பயத்தோடு சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் முறைக்கவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐ... ஐ குக்... இரும்மா, வந்துடும். ஐ குக்ட் லஞ்ச். மை சன் டிட் நாட் ஈட். ஹி இஸ் வெரி பிஸி.”

“அருமைம்மா! ஒரு தப்புகூட இல்ல.”

“நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?” அந்தப் பக்கம் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. “ஞாயித்துக்கிழமை பையனோட ஆபீஸ்காரங்க சாப்பிட வர்றாங்கம்மா. போன தடவை ‘ஏதாவது உளறி மானத்தை வாங்காதே, உள்ளேயே இரு’ன்னுட்டான். கதவுக்குப் பின்னால உட்கார்ந்து, ‘கடவுளே, உப்பு உறைப்பு சரியா இருக்கணும்’னு வேண்டிக்கிட்டிருந்தேன். சமைச்சவ நான். வந்தவங்களை ஒரு வார்த்தை உபசரிக்கலைன்னா எப்படி?”

“பையன் மேல கோபமாம்மா?”

“சேச்சே! அவனை ஒண்ணும் சொல்லாதே. இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவன். அலுப்பு இருக்காதா? நீ இதைச் சொல்லு. ‘சாப்பிட்டுட்டுத்தான் போகணும்’னு எப்படிச் சொல்றது?”

பட்டன் மேலிருந்த விரல் எப்போது விலகியது என்று ரெண்டாம் நம்பர் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பிளீஸ் ஈட் பிஃபோர் யூ கோ.”

“பிளீஸ் ஈட்... பிஃபோர்... அதுக்கப்புறம் என்ன? மறந்தே போச்சு பாரு. இன்னொரு தடவை சொல்றியா, கண்ணு? உனக்கு நேரமாகுதோ? உங்க பெரியவர் யாராவது திட்டப் போறாங்க.”

மேசை விளக்கு சிவப்பானது. வேடிக்கை பார்க்க வரிசை முழுக்கத் திரும்பியது.

அவள் வாய்ப்பக்கத்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். “விளக்கு எரியுது சார்... கட் பண்ணிடட்டுமா?”

சூப்பர்வைசர் ஹெட்போனைக் கழற்றவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எரியட்டும்மா. எங்கம்மா பேசி முடிக்கட்டும்.”