பெயிலாகாத மாவட்டம்

பள்ளி திறக்க அரை மணி நேரம்கூட இல்லை. ஒன்றாம் வகுப்பில் மிஞ்சிய பெஞ்சுகளை வேகவேகமாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள் ஆசிரியை நேசமணி. கல்வி அதிகாரி வரும்போது காலி இடம் எதுவும் கண்ணில் படக் கூடாது.

இந்த ஆண்டும் மாவட்டத்தின் இலக்கு, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. பத்து வருடம் கழித்து அதில் யார் பெயிலாவார்கள் என்பதை ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போதே இயந்திரம் சொல்லிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் இடமில்லை.

சிவப்பு வாங்கிய மகளைக் கையில் பிடித்தபடி சுடலைவடிவு வழிமறித்தாள்.

"பெயிலானா ஆயிட்டுப் போறா டீச்சர். நாலெழுத்து படிச்சாப் போதும்."

"இங்க பெயிலாக யாருக்கும் அனுமதி இல்லக்கா."

"போன மாசம் மேளம் அடிச்சு, வீடு வீடா வந்து, புள்ளைய அனுப்புங்கன்னு கூப்பிட்டது நீங்கதானே?"

நேசமணி அடுத்த பெஞ்சைத் தூக்கினாள்.

"உங்க மகளும் இந்த வருசம் ஒண்ணாப்புதானே? அவ பக்கத்துல இவளும் ஒரு ஓரமா உக்காந்துக்கிடட்டும்."

நேசமணி பெஞ்சைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கும் சிவப்புதான்க்கா. யூனிபார்மை மாட்டிக்கிட்டு, நானும் வருவேன்னு நின்னா. வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்."