உப்பில்லாத கஞ்சி

சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த கஞ்சியை வழித்து வாயில் வைத்தாள்.

உப்பு இல்லை.

ஒரு கல்கூடப் போடவில்லை. மறந்திருக்கிறாள்.

கூடத்தில் அவள் கணவர் டம்ளர் நிறைய அதைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவர்.

முந்தாநாளிலிருந்து வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை கேட்கவில்லை. தண்ணீரையும் நிறுத்திவிட்டார். அவள் கலந்து கொடுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை முற்றத்தில் கொட்டினார். நேற்று ஆஸ்பத்திரி என்று வாயெடுத்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“வயித்தால போறதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியாடி? உள்ள தண்ணி போனாத்தானே வெளிய வரும். பேசாம இரு.”

பேசாமல் இருந்தாள்.

இன்று காலையிலிருந்து அவர் கத்தவில்லை. கழிவறைக்கும் அவ்வளவாக எழுந்துபோகவில்லை. தேறிவருகிறார் என்று நினைத்தாள்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிற வீடு. அந்த அமைதியில் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறவிடாமல் ஒரு காப்பி குடித்தாள்.

பிடித்திருந்தது.

அதை இப்போது நினைத்ததும் சட்டியைக் கீழே வைத்தாள்.

கூடத்துக்கு வந்தாள். அருகில் உட்கார்ந்து, நெடுநாளாகப் பார்க்காததுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கு உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. உதடு நனையவில்லை.

“ஒண்ணுக்கு எப்பங்க போனீங்க?”

யோசித்தார். வெகுநேரம்.

“தெரியல.”

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஆட்டோ ஓட்டுகிற இன்னாசி சாப்பாட்டில் கைவைத்திருந்தான். அப்படியே எழுந்தான்.

“காலையிலேர்ந்து சார் சத்தத்தையே காணோமேன்னு நெனச்சேன்க்கா. நேத்து போட்ட சத்தத்துல எங்க வீட்டுக் கோழியெல்லாம் அடைகாக்காம எந்திரிச்சிருச்சு.”

சிரிப்பு வரவில்லை. அவனும் கேட்டிருக்கிறான், அந்த அமைதியை.

யாரைக் கேட்டுடி வண்டியக் கூப்பிட்ட என்பார். அவருக்குச் சட்டையை மாட்டும்போது அதற்காகக் காத்திருந்தாள். அவசரத்தில் பொத்தான்கள் மாறி விழுந்தன. கேட்கட்டும். கையை ஓங்கினாலும் ஓங்கட்டும்.

அவர் ஒரு கையை நீட்டினார். பிறகு, அவள் சொன்னதும், மற்றதை.

எழுந்து நின்றதும் கால் மடங்கியது. இன்னாசி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தாங்கித் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள்.

இன்ஜின் உறுமியது. இன்னாசி திரும்பினான்.

“தெருமுக்கு டாக்டர்கிட்டயா, பெரியாஸ்பத்திரிக்கா, அக்கா?”

அவள் வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.