விழுந்த விமானத்தில் எத்தனை பேர்

பயப்படாமல் கேளுங்கள், கண்ணுங்களா. பழவேற்காடு ஏரியில் பட்டப்பகலில் நடந்தது இது. பயிற்சி விமானம் ஒன்று, சத்தம் அடங்கி, துளசிங்கத்தின் படகுக்கு மேலே தாழ்வாக வந்தது. உள்ளே இரண்டு தலைகளை அவனும் பார்த்தான், அவன் மனைவி கலைவாணியும் பார்த்தாள். அடுத்த நொடி அது மார்பளவுத் தண்ணீரில் விழுந்தது.

விமானத்தை ஓட்டி வந்த நிவேதா என்ற பெண்ணை உயிரோடு இழுத்துப் படகில் போட்டார்கள். தலையில் ரத்தம் கொட்டியது.

"இன்ஜின் நின்னுடுச்சுண்ணா. பயத்துல விமானத்தோட மூக்கைத் தூக்கிட்டேன். வேகம் போயி விழுந்துடுச்சு."

"இன்னொருத்தர் எங்கம்மா?"

"யாருமில்லண்ணா. இன்னிக்குத் தனியாத்தான் வந்தேன்."

துளசிங்கம் மறுபடியும் குதித்துத் துழாவினான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"யோவ், இன்னாத்தைத் தேடுற? வெயில்ல ரெண்டா தெரிஞ்சிருக்கும். இவ செத்துடுவாய்யா, வா!" என்று கலைவாணி கத்தினாள்.

ஓர் உயிரைத் தண்ணீரிலேயே விட்டு வருகிறோமோ என்ற நடுக்கத்தோடு அவன் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான்.

கரையில் நிவேதாவை இருவருமாகத் தூக்கி இறக்கினார்கள். மூன்று பேரும் இறங்கிய பிறகும் படகு மேலே எழும்பவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற கனத்தோடு, பின்பக்கம் தாழ்ந்தபடியே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.