காலால் பிறந்தவள்

ஆவணி எட்டு, ஞாயிற்றுக்கிழமை.

மகள் நாச்சியாவின் கால் தெருவுக்கே வேண்டியிருக்கிறது. அந்தக் கால் நேராக நடக்குமா என்று தெருவில் ஒருவரும் கவலைப்பட்டதில்லை. இதுவே அம்மாவின் மனக்குறை.

இன்று எதிர்வீட்டுச் சுடலைமணி. இடுப்பில் பிடிப்பு. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவர், எவரையும் கேளாமல் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"ஏ நாச்சியா, வந்து ஒரு நீவு நீவிவிடு தாயி. காலால பொறந்த பிள்ள கால் பட்டாத்தான் இது கேக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியில்லா போடுவான்!"

காலால் பிறந்த பிள்ளை.

கால்கள் முதலில் வந்தன. தலை வரவில்லை. இழுத்தார்கள்.

உயிர் தப்பியதே பெரிது என்று எல்லாரும் மகிழ்ந்த மகிழ்ச்சியில், இடப்பக்க இடுப்பு மூட்டு நழுவிக் கிடந்ததை எவரும் பார்க்கவில்லை. பிள்ளை எழுந்து, சாய்ந்து சாய்ந்து நடந்தபோதுதான் தெரிந்தது.

பிறகு அறுவை. வயிறு முதல் பாதம் வரை மாவுக்கட்டு.

இப்போது வயது ஆறு. நாள்தோறும் ஒரே பயிற்சி: இடக்காலில் மட்டும் நிற்பது. அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டால் பிள்ளை நிற்கும். கையை விட்டால் சாயும்.

வரும் புதனன்று மருத்துவர் பார்ப்பார். தனியே நிற்காவிட்டால் மறுபடியும் கத்தி.

சுடலைமணி வந்தபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில்.

வழக்கமாக, அவள் பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பாள். பிள்ளை காலால் முதுகைத் தொடும். இன்று முடியாது என்று சொல்லிவிட வேண்டும். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது?

கை கழுவிவிட்டு வந்தாள்.

பிள்ளை காத்திருக்கவில்லை.

வலக்கால் அவருடைய இடுப்பைப் பட்டும் படாமலும் நீவிக்கொண்டிருந்தது. இரு கைகளும் சும்மா தொங்கின. சுவர் எட்டத்தில் இருந்தது.

உடம்பு முழுவதும் இடக்காலில்.

ஈரக் கைகள் தாமாக நீண்டன. அவள் அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"பிடிப்பு விட்டுட்டுது தாயி!" சுடலைமணி எழப் போனார்.

"எந்திரிக்காதீங்க அண்ணாச்சி," என்றாள் அவள், மிக மெல்ல. "இன்னும் கொஞ்சம் படுத்திருங்க."

படிப்பவரே, நீங்களும் பேசாதீர்கள். பிள்ளை இன்னும் காலை இறக்கவில்லை.