நாலு ரவுண்டு

மூன்றாவது தடவை விழுந்தபோது பையனின் பல் ஒன்று மேடையில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குத்துச்சண்டைக் கம்பெனி முதலாளி, மடியிலிருந்த தாளில் ஒரு கோடு கிழித்தார்.

பையன் காலேஜ் சாம்பியன். கம்பெனியின் பெரிய வீரன் புல்டோசரிடம் நாலு ரவுண்டு தாக்குப்பிடித்தால் ஒப்பந்தம் என்று வரச்சொல்லியிருந்தார்கள். கல்குவாரியில் ஜல்லி சுமக்கும் அம்மாவிடம், "இந்த வாரத்தோட கூடையைக் கடாசிடும்மா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மூன்றாம் ரவுண்டு முடிந்து மணி அடித்தது. மூலையில் வந்து சரிந்தவனின் முகத்தை, தண்ணீர் கொடுக்கும் பெரியவர் ஈரத்துண்டால் ஒற்றினார். பெரியவருக்குச் சப்பிப்போன மூக்கு, சுருண்ட காது, குழறுகிற பேச்சு. கை நடுங்கி பாதித் தண்ணீர் பையனின் மார்பில் கொட்டியது.

"அடுத்து விழுந்தா அப்படியே கெட. எந்திரிக்காத."

"உங்க வேலையைப் பாருங்க பெருசு. என் பொழப்பைக் கெடுக்கவா நிக்கிறீங்க?"

"அப்ப மூஞ்சியை இடது தோளுக்குள்ள பொதைச்சுக்க. மாஸ்டர் பிரம்பால தட்டித் தட்டிச் சொல்லுவாரே, மறந்துட்டியா?"

மாஸ்டரை இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க விடாமல் மணி அடித்தது.

புல்டோசர் பையனின் விலாவில் ஒரு குத்து இறக்கினான். உள்ளே சுள்ளி முறிகிற மாதிரி சத்தம். விழுந்தான், எழுந்தான். முதலாளி கோடு கிழித்தார்.

ஒரே ஒரு குத்து பையனும் விட்டான். புல்டோசரின் தாடை அப்படியே திரும்பி, வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. முதலாளி பேனாவை எடுக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

அதற்குப் பிறகு புல்டோசருக்கு வெறி ஏறிவிட்டது. பையனின் புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. விழுந்தான், எழுந்தான். கோடு. மறுபடி விழுந்தான். முழங்காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்து, மறுபடி எழுந்தான்.

கடைசி மணி.

"ஆறு தடவை!" முதலாளி கைதட்டினார். "சபாஷ்! கையெழுத்துப் போடு தம்பி."

போட்டான். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தமும் விழுந்தது.

"மொதல் பந்தயம் யார்கூட சார்?"

"பந்தயமா?" முதலாளி சிரித்தார். "குத்துறதுக்குத்தான் புல்டோசர் இருக்கானே. பயிற்சியில தினம் அவன்கிட்ட குத்து வாங்க ஆள் வேணும்ப்பா. இத்தனை நாள் இவன் இருந்தான், இனிமே தாங்க மாட்டான்."

அவர் விரல் காட்டிய இடத்தில் ஈரத்துண்டோடு பெரியவர் நின்றிருந்தார்.

"பெருசு... நீங்களா?"

அவர் மேடையில் கிடந்த பல்லைப் பொறுக்கி, பையனின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"பெருசு இல்லடா. காலேஜ்ல உனக்கு அஞ்சு வருஷம் சீனியர்."